'கேற்' (gate) என்ற ஆங்கிலச் சொல் முதலில் எதைக் குறித்தது: இடைவெளியையா, அதை அடைக்கும் படலையையா?

கணினி ஆசிரியை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நான் யாழ்ப்பாணத்திலுள்ள ஒரு பாடசாலையில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் கற்பிக்கிறேன். கணினிச் சுற்றுகளின் அடிப்படை உறுப்புகளை எங்கள் பாடநூல்கள் 'தர்க்கப் படலைகள்' என்று அழைக்கின்றன. அன்ட் (AND) படலை, ஓர் (OR) படலை, நொட் (NOT) படலை என்றுதான் பிள்ளைகளும் சொல்கிறார்கள். ஆனால் இப்போது பலர் வீட்டில் தமிழ்நாட்டு ஆசிரியர்களின் காணொளிகளையும் பார்த்துவிட்டு வருகிறார்கள். அங்கே இதே உறுப்புக்குப் பெயர் 'வாயில்'. இரண்டில் எது பொருத்தம் என்று ஒரு மாணவி எழுந்து கேட்டாள்.

இரண்டும் பொருத்தமே என்று சொல்லிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போயிருக்கலாம். ஆனால் கேள்வி நியாயமானது. வாயில் என்பது ஆள் நுழையும் வெற்றிடம். படலை என்பது அந்த வெற்றிடத்தை மூடுவதற்கு நாம் செய்து மாட்டும் பொருள். ஆங்கிலத்தில் 'கேற்' என்பது இவ்விரண்டையும் சேர்த்தே குறிக்கிறது. அச்சொல் பிறந்தபோது எதைக் குறித்தது, எங்கிருந்து வந்தது, எப்படி இத்தனை துறைகளுக்குள் நுழைந்தது என்பவற்றை அறிந்தவர்கள் எழுதினால் மாணவர்களுக்கு எடுத்துச் சொல்ல உதவும்.

ஒழுங்கை எழுதியது:

ஆசிரியை அவர்களுக்கு, நேரடியான விடை: அச்சொல் முதலில் குறித்தது வெற்றிடத்தை.

ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய பழைய ஆங்கிலத்தில் இதன் ஒருமை வடிவத்தின் முதலெழுத்து இன்றைய 'க'கரம் போல அன்றி, ஏறத்தாழ 'ய'கரம் போல ஒலித்தது. பன்மை வடிவம் 'கட்டு' என்பதற்கு நெருக்கமாகக் 'க'கரத்தோடு ஒலித்தது. பின்னாளில் பொது வழக்கில் பன்மையின் 'க'கரம் வென்றது. தோற்ற வடிவமும் முற்றாக அழிந்துவிடவில்லை. இங்கிலாந்தில் வை ஆற்றின் ஒடுங்கிய பள்ளத்தாக்கிலே 'சைமன்ட்ஸ் யாற்' என்றோர் ஊர் இருக்கிறது. 'யேற்ஸ்' என்ற குடும்பப் பெயரும் அதே 'ய'கர வடிவத்தின் எச்சமே. ஸ்கொட்லாந்தின் பழைய கோட்டைகளில் வாசலை அடைத்து நிற்கும் இரும்புக் கம்பிக் கதவுக்கு 'யெற்' என்று பெயர்.

பொருளைத் தெரிந்துகொள்ள உறவு மொழிகளைப் பார்க்க வேண்டும். ஒல்லாந்த மொழியில் 'கற்' என்றால் இன்றும் துளை, ஓட்டை என்பதே பொருள். டென்மார்க்குக்கும் சுவீடனுக்கும் இடையிலுள்ள கடற்பரப்பின் பெயரான 'கட்டெகற்' என்பதும் ஒல்லாந்த மாலுமிகளின் வாயில் பிறந்ததுதான். பூனைத் துவாரம் என்பது அதன் நேர்ப்பொருள். பூனை மட்டுமே நுழையக்கூடிய அளவுக்கு ஒடுங்கிய வழி என்ற கிண்டல் அதில் இருக்கிறது. ஸ்கண்டிநேவியரின் பழைய நோர்ஸ் மொழியிலும் இதே சொல் துளையையே குறித்தது. இங்கிலாந்தின் கென்ற் கரையோரத்தில் மார்கேற், ராம்ஸ்கேற், கிங்ஸ்கேற் என்று வரிசையாக ஊர்கள் இருக்கின்றன. அங்கே எந்தக் கோட்டையின் கதவையும் நினைத்துப் பெயர் வைக்கவில்லை. சுண்ணாம்புப் பாறைச் சுவர் பிளந்து, கடலுக்கு இறங்க வழி விடுகின்ற இடைவெளிக்கே அங்கு 'கேற்' என்று பெயர்.

ஆக, முதலில் ஓட்டை. பிறகு மதிலிலோ வேலியிலோ ஆள் போவதற்கு விட்ட ஓட்டை. அதன் பிறகே அந்த ஓட்டையை மூடுகின்ற பலகையும் கம்பியும். பெயர் இடத்திலிருந்து பொருளுக்கு நகர்ந்திருக்கிறது.

பனங்கூடல் எழுதியது:

ஒழுங்கை அண்ணை எழுதியதை வாசித்தவுடன் எங்கள் வேலிகள்தான் நினைவுக்கு வந்தன. ஆங்கிலத்தில் ஒரே சொல் சுமக்கிற வேலையை யாழ்ப்பாணத்துத் தமிழ் மூன்று நான்கு சொற்களுக்குப் பங்கிட்டுக் கொடுத்திருக்கிறது.

கிடுகு வேலியின் அடியில் நாயும் கோழியும் புகுந்து புகுந்து உண்டாக்கிய ஓட்டை 'பொட்டு'. அயல் வீடுகள் நல்லுறவோடு இருக்கும்போது அந்தப் பொட்டு ஆள் குனிந்து போகிற அளவுக்குப் பெருத்துவிடும். உறவு கெட்டால் முதல் வேலையாக அதை அடைத்துக் கட்டுவார்கள். தோட்டக் காணிகளில் மாடு புகாதபடி குறுக்குத் தடி போட்டு, ஆள் மட்டும் காலைத் தூக்கி வைத்துத் தாண்டுகிற இடம் 'கடப்பு'. வளவுக்குள் போகிற முறையான வழியில் நிற்பது 'படலை'. வீட்டுக்குள் நுழையுமிடம் 'வாசல்'. அவர் காட்டிய பழைய ஆங்கிலப் பொருளுக்கு மிக நெருங்கியது எங்கள் பொட்டுத்தான், படலை அன்று.

படலை என்ற சொல் 'படல்' என்பதிலிருந்து வருகிறது. ஓலையாலோ முள்ளாலோ தடியாலோ பின்னிக் கட்டிய தட்டி படல். எனவே பெயரிலேயே பொருள் இருக்கிறது, வெற்றிடம் இல்லை. இப்போதைய தலைமுறை பார்த்திருக்க வாய்ப்புக் குறைவு என்பதால் சற்று விரித்து எழுதுகிறேன். தடிகளை நாற்சதுரமாகக் கட்டி, மூலைக்கு மூலை ஒரு குறுக்குத் தடியும் போட்டு, அதன் மேல் கிடுகையோ பனையோலையையோ வைத்து வரிந்துவிடுவார்கள். ஒரு பக்கத்தை வேலியின் பருத்த கதியாலோடு கயிற்றாலோ கம்பியாலோ வளையம் போட்டுப் பிணைப்பார்கள். பிணைச்சல் இல்லாததால் நாளடைவில் மறுபக்கம் தொய்ந்துவிடும். பிறகு திறப்பவர் அதைச் சற்றுத் தூக்கிக்கொண்டேதான் திறக்க வேண்டும். தூக்காமல் இழுத்தால் கீழ்த் தடி மணலில் உராய்ந்து கால் வட்டமாகக் கோடு கீறும். அந்த வீட்டுக்கு ஆள் போக்குவரத்து எவ்வளவு என்பதை அந்தக் கோட்டின் ஆழமே சொல்லிவிடும்.

தகரமும் இரும்பும் வந்த பிறகு 'கேற்' என்ற சொல்லும் கூடவே வந்தது. இன்று பலரிடம் ஓர் எழுதாத பிரிவினை இருக்கிறது. ஓலை, தடி, தகரம் என்றால் படலை. இரும்புக் குழாயில் செய்து வர்ணம் பூசிச் சில்லு வைத்துத் தள்ளினால் கேற். அந்தஸ்தும் அதற்கேற்ப ஏறிவிடுகிறது.

சிவலை எழுதியது:

சங்கடப் படலையை மறந்துவிட்டீர்களே. தெருவோரத்தில் கூரை போட்டு, இரண்டு பக்கமும் திண்ணை கட்டி, வழிப்போக்கர் வெயிலுக்கு ஒதுங்கவும் தண்ணீர் குடிக்கவும் வசதி செய்த படலை அது. வழிப்போக்கரின் சங்கடத்தைத் தீர்ப்பதால் அந்தப் பெயர் என்று ஊரில் விளக்கம் சொல்வார்கள். அந்த விளக்கம் பெயருக்குப் பின்னால் பிறந்தது என்பது என் எண்ணம். அது இருக்கட்டும், இதில் படலை என்பது கூரை, திண்ணை, நுழைவழி என எல்லாவற்றையும் சேர்த்துக் குறிக்கிறது. ஆகவே எங்கள் சொல்லும் பொருளோடு மட்டும் நின்றுவிடவில்லை. ஆங்கிலத்தில் ஓட்டை கதவானது என்றால், இங்கே தட்டி முழு நுழைவாயிலும் ஆகியிருக்கிறது.

மின்பொறியாளன் எழுதியது:

ஆசிரியையின் மூலக் கேள்வியை விட்டு விலகுவதற்கு முன்னர் அதற்கு விடை சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதற்குப் படலையா வாயிலா என்பதில் எனக்கு உறுதியான கருத்து இருக்கிறது.

மின்னணுவியலில் இந்தப் பெயர் வந்ததற்குக் காரணம் திறப்பதும் மூடுவதும்தான். இரண்டு உள்ளீடு கொண்ட அன்ட் படலையை எடுத்துக்கொள்ளுங்கள். ஓர் உள்ளீட்டில் துடிப்புகள் தொடர்ந்து வந்துகொண்டிருக்கட்டும். மற்றைய உள்ளீட்டை ஒன்றில் வைத்தால் துடிப்புகள் அப்படியே வெளியே போகும். அதைப் பூச்சியத்துக்கு மாற்றினால் வெளியீடு பூச்சியத்திலேயே நின்றுவிடும். அதாவது இரண்டாவது உள்ளீடு படலையைப் பிடித்திருக்கும் கை. உண்மை, பொய் என்பவற்றை ஒன்று, பூச்சியமாகக் கணக்கிடும் பூலின் அட்சரகணிதத்தை, அஞ்சல் (றிலே) எனப்படும் மின்காந்த ஆளிகளின் சுற்றுகளோடு பொருத்திக் காட்டியவர் குளோட் ஷனன். 1937இல் அவர் எழுதிய பட்ட ஆய்விலே ஆளிகளின் திறந்த நிலையும் மூடிய நிலையும்தான் பேசப்படுகின்றன. புலவிளைவுத் திரான்சிஸ்டரிலும் 'கேற்' என்று பெயர் பெற்ற முனை ஒன்று உண்டு. மின்னோட்டம் அதன் வழியாகப் போவதில்லை. வேறு இரு முனைகளுக்கு இடையே ஓடும் ஓட்டத்தை அது கூட்டவும் குறைக்கவும் நிறுத்தவும் செய்கிறது. அதை வாயில் என்று மொழிபெயர்த்தால் மாணவர் அதன் வழியாகவே ஓட்டம் நுழைவதாக எண்ணுவர். படலை என்றால் அந்தக் குழப்பம் வராது.

எனவே எங்கள் பாடநூலின் சொல்லே கூர்மையானது. நொட் படலையைப் பற்றி மட்டும் யாராவது கேட்டால் பதில் சொல்வது கடினம். அது எதையும் தடுப்பதில்லை, வருவதைப் புரட்டிவிடுகிறது. உலகம் முழுவதும் வசதிக்காக அதையும் இந்தக் குடும்பத்தில் சேர்த்துவிட்டார்கள்.

தீவகன் எழுதியது:

ஐயாமாரே, எல்லோரும் ஒல்லாந்துக்கும் டென்மார்க்குக்கும் போய்வருகிறீர்கள். கண்ணுக்கு முன்னால் இருப்பதைப் பார்க்கவில்லை. கட, கடவு, கடவை, கதவு, கடை என்று எத்தனை தமிழ்ச் சொற்கள் வாசலோடும் கடத்தலோடும் தொடர்புடையன! பாதசாரிக் கடவை, புகையிரதக் கடவை என்று வீதியில் எழுதி வைத்திருப்பதும் இதே வேர்தான். கடவுச்சீட்டு இல்லாமல் கடல் தாண்ட முடியாது. 'கட' என்பதிலிருந்து 'கேற்' வந்தது என்று சொல்வதில் என்ன தயக்கம்? ஒலியும் பொருந்துகிறது, பொருளும் பொருந்துகிறது. வட இந்தியாவில் ஆற்றங்கரைப் படித்துறையையும் மலைக் கணவாயையும் 'காட்' என்கிறார்கள். அதையும் சேர்த்துப் பாருங்கள்.

ஒழுங்கை எழுதியது:

தீவகன் அவர்களுக்கு, தயக்கத்துக்குக் காரணம் உண்டு, அது தமிழின் மேலுள்ள பற்றுக் குறைவு அன்று. நீங்கள் வரிசைப்படுத்திய தமிழ்ச் சொற்கள் அருமையானவை. ஆனால் ஒலி இன்று ஒத்திருப்பது உறவுக்குச் சான்று ஆகாது. பல வேளைகளில் அது உறவின்மைக்கே சான்றாகிவிடும்.

ஆங்கிலமும் அடங்கிய ஜெர்மானிய மொழிகளின் மெய்யொலிகள் மிகப் பழைய காலத்தில் ஓர் ஒழுங்கோடு இடம்பெயர்ந்தன. இதை 1822இல் யாக்கோப் கிறிம் விதியாக வகுத்துக் காட்டினார். இலத்தீனில் 'க' ஒலி இருக்கும் இடத்தில் ஆங்கிலத்தில் 'ஹ' நிற்கும். இலத்தீனில் கொம்புக்குக் 'கோர்ணு', ஆங்கிலத்தில் 'ஹோர்ன்'. இலத்தீனில் நூற்றுக்குக் 'கென்ற்றும்', ஆங்கிலத்தில் 'ஹன்றட்'. இலத்தீனில் 'த'கரத்தின் மெலிந்த ஒலி இருந்தால் ஆங்கிலத்தில் 'ட'கரத்தின் வல்லொலி நிற்கும். இரண்டுக்கு 'துவோ' என்றது 'டூ' ஆயிற்று, பத்துக்கு 'தெக்கெம்' என்றது 'டென்' ஆயிற்று. அப்படியானால் மிகப் பழைய காலத்திலேயே 'கட' போன்ற ஒரு சொல் அந்த மக்களிடம் போய்ச் சேர்ந்திருந்தாலும், இன்று அது 'ஹ'கரத்தில் தொடங்கியிருக்க வேண்டுமே தவிரக் 'கேற்' என்று நின்றிருக்காது. பிற்காலத்தில் கடன் போனது என்றும் சொல்ல முடியாது, ஏனென்றால் ஐரோப்பியக் கப்பல்கள் எங்கள் கரைக்கு வருவதற்கு நூற்றுக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்பே அது ஆங்கில ஏடுகளில் எழுதப்பட்டுவிட்டது. 'காட்' என்பதும் வேறு குடும்பத்துச் சொல். அது சமற்கிருதத்தின் 'கட்டம்' என்பதன் வழிவந்தது.

எங்கள் கதவுக்கு உறவு தேட வேண்டிய திசை தெற்கு. கன்னடத்தில் கதவை இன்றும் 'கத' என்கிறார்கள்.

ஆங்கில வாசற் சொற்களுள் எங்களுக்கு உண்மையாகவே தூரத்து உறவு ஒன்று உண்டு. அது 'கேற்' அன்று, 'டோர்'. ஆங்கில 'டோர்', ஜெர்மன் 'ற்றூர்', கிரேக்கத் 'தூரா', உருசிய 'த்வேர்', சமற்கிருத 'துவார' ஆகிய எல்லாம் ஒரே மூலத்தின் பிள்ளைகள். கோயில் வாசலில் நிற்கும் துவாரபாலகர் பெயரில் இருப்பதும் இதுவே. இந்தக் குடும்பத்தில் சமற்கிருதம் மட்டும் ஓரிடத்தில் ஒழுங்கை மீறுகிறது. அதன் முதலொலி மூச்சுக் கலந்த 'த'கரமாக இருந்திருக்க வேண்டும், ஆனால் மூச்சு விடுபட்டுவிட்டது. இரட்டைக் கதவை நினைத்து, இரண்டைக் குறிக்கும் 'துவி'யின் சாயலை மக்கள் அதில் ஏற்றிவிட்டார்கள் என்பது மொழியியலாளர் தரும் விளக்கம்.

இலத்தீனில் இதே மூலம் 'வெளியே' என்ற பொருளுக்குப் போயிற்று. கதவுக்கு அப்பால் உள்ளதெல்லாம் வெளிதானே. அந்நியரைக் குறிக்கும் 'ஃபொறின்' அதிலிருந்து பிறந்தது. மக்கள் கூடிப் பேசும் வெளியான 'ஃபோரம்' என்பதையும் அதனோடு சேர்ப்பர்.

தமிழுக்கு வந்த துவாரத்தைக் கவனியுங்கள். அங்கே வாசலாக இருந்தது இங்கே பேச்சு வழக்கில் வெறும் ஓட்டையாகச் சுருங்கிவிட்டது. சட்டையில் துவாரம், தகரத்தில் துவாரம் என்கிறோம். ஆங்கிலத்தில் ஓட்டை வாசலாயிற்று, எங்களிடம் வாசல் ஓட்டையாயிற்று.

ஏட்டுச்சுவடி எழுதியது:

இந்த இடத்தில் இலக்கியத்திலிருந்து ஒரு சான்றைச் சேர்க்க அனுமதியுங்கள். ஓட்டையைக் குறிக்கும் சொல் வாசலைக் குறிப்பது ஆங்கிலத்துக்கே உரிய விந்தை அன்று. 'புழை' என்றால் துளை. காவிரிப்பூம்பட்டினத்து மாடங்களை வருணிக்கும் பட்டினப்பாலை "புழை வாயில் போகு இடைகழி" என்று பாடுகிறது. ஒடுங்கிய சிறு வாயிலும் அதிலிருந்து உள்ளே நீண்டு செல்லும் இடைகழியும் அங்கே சொல்லப்படுகின்றன. வீட்டின் பின்புறத்தைச் சில ஊர்களில் புழைக்கடை என்று சொல்வதும் இதனோடு சேர்ந்ததே. அதில் வரும் 'கடை' வியாபாரம் செய்யும் கடை அன்று. பழந்தமிழில் கடை என்பதற்கு வாயில் என்ற பொருளும் உண்டு, வீடு முடியும் இடம் என்பதால்.

வாயில் என்ற சொல்லை இலக்கண வகுப்பில் எல்லோரும் படித்திருப்போம். இல்லின் வாய் 'இல்வாய்' என்று இருந்து, முன்பின்னாக மாறி 'வாயில்' ஆன இலக்கணப் போலி அது. வாயும் ஓர் துவாரமே. ஆகவே கணினி ஆசிரியையின் மாணவர்கள் தமிழ்நாட்டுக் காணொளியில் கேட்ட 'வாயில்' ஆங்கிலச் சொல்லின் வேர்ப்பொருளுக்கு நெருங்கியது, எங்கள் பாடநூலின் 'படலை' அதன் இன்றைய தொழிலுக்கு நெருங்கியது. மின்பொறியாளன் சொன்ன காரணத்தால் நானும் படலைக்கே வாக்களிப்பேன். கலைச்சொல்லுக்கு வேர் முக்கியமில்லை, வேலைதான் முக்கியம்.

வடமராட்சியான் எழுதியது:

நான் இப்போது இங்கிலாந்தின் வடபகுதியில் வசிக்கிறேன். இங்கே 'கேற்' என்ற சொல்லை நம்பி வழி கேட்டால் வேறெங்கோ போய்ச் சேர்வோம்.

யோர்க் நகரத்தில் ஸ்ரோன்கேற், கொப்பர்கேற், மிக்கிள்கேற், குட்றம்கேற், காசில்கேற் என்று எங்கே திரும்பினாலும் கேற் மயம். ஆனால் அங்கே நின்று சுற்றிப் பார்த்தால் எந்த வாயிலும் இருக்காது, தெருத்தான் இருக்கும். 866ஆம் ஆண்டிலே வைக்கிங்குகள் இந்நகரத்தைக் கைப்பற்றி, பல ஆண்டுகள் தங்கள் மொழியோடு இங்கே குடியிருந்தார்கள். அவர்களுடைய நோர்ஸ் மொழியில் 'காத்தா' என்றால் தெரு. மிக்கிள்கேற் என்பதற்குப் பெருந்தெரு என்பதே பொருள். அதே சொல் ஜெர்மன் மொழியில் 'காஸ்ஸ' என்று ஒடுங்கிய தெருவுக்கு, எங்கள் வழக்கில் சொன்னால் ஒழுங்கைக்கு, பெயராக நிற்கிறது. சுவீடனில் வீதிப் பெயர்ப்பலகை எதைப் பார்த்தாலும் 'காத்தா' என்று முடியும்.

அப்படியானால் மதிலில் உள்ள உண்மையான வாயில்களை யோர்க்கில் என்னவென்று அழைக்கிறார்கள்? 'பார்'. மிக்கிள்கேற் பார், பூதம் பார், மங்க் பார், வாம்கேற் பார் என்று நான்கு பெரிய கோட்டை வாயில்கள் இன்றும் நிற்கின்றன. குறுக்கே போட்ட தடையைக் குறிக்கும் சொல் அது. ஆக, இங்கே தெருவுக்குப் பெயர் கேற், கேற்றுக்குப் பெயர் பார், மதுச்சாலைக்குப் பெயர் பப் என்று உள்ளூரார் விளையாட்டாகச் சொல்வதுண்டு. நகரத்தின் மிகக் குட்டையான தெருக்களில் ஒன்றுக்கு 'விப்-மா-வொப்-மா-கேற்' என்று பெயர். பெயர்ப்பலகை கிட்டத்தட்டத் தெருவளவு நீளம்.

நடையைக் குறிக்கும் 'கெய்ற்' என்ற ஆங்கிலச் சொல்லும் இந்தத் தெரு என்ற சொல்லின் மறுவடிவமே. வழி, வழிச்செலவு, செல்லும் விதம் என்று பொருள் நகர்ந்து, பின்னர் எழுத்துக்கூட்டலையும் வேறாக்கிப் பிரித்துவிட்டார்கள். குதிரையின் நடையையும் மனிதரின் நடையையும் மருத்துவர் விவரிக்கும்போது பயன்படுத்துவது இதைத்தான்.

இன்னொரு பொறியையும் காட்டிவிடுகிறேன். நியூகாசிலுக்கு எதிர்க்கரையில் 'கேற்ஸ்ஹெட்' என்றொரு நகரம் உண்டு. வாயிலின் தலைப்பகுதி அல்லது தெருவின் தலைப்பகுதி என்று எவரும் எண்ணுவர். எட்டாம் நூற்றாண்டில் எழுதிய பீட் என்னும் துறவி அவ்விடத்தின் பெயரை இலத்தீனில் 'ஆட்டுத் தலை' என்று குறித்து வைத்திருக்கிறார். அந்தப் பெயரில் இருப்பது வாயிலும் இல்லை, தெருவும் இல்லை, ஆடு.

தீவகன் எழுதியது:

ஒலி விதிகளை ஒழுங்கை விளக்கியதை வாசித்தேன். ஆனாலும் ஓட்டைக்கும் வழிக்கும் வாசலுக்கும் எல்லா மொழிகளும் ஒரே மாதிரி ஓடித் திரிவது வியப்பாகவே இருக்கிறது. ஆடு என்று வடமராட்சியான் முடித்ததுதான் நல்ல பாடம், அதை எனக்கு மட்டும் சொல்லவில்லை என்று எடுத்துக்கொள்கிறேன்.

எல்லைக்கோடு எழுதியது:

துடுப்பாட்டம் இல்லாமல் இந்த இழை நிறைவடையாது.

யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியும் பரியோவான் கல்லூரியும் 1904 முதல் மோதிவரும் வடக்கின் பெருஞ்சமரைப் பார்க்கப் போயிருப்பவர்கள் அறிவார்கள். துடுப்பாட்ட வீரர் முன்காலை நீட்டி விளையாடும்போது மட்டைக்கும் காற்காப்புக்கும் இடையே வெளிச்சம் தெரிந்தால் போதும், மைதானத்தின் ஓரத்திலிருந்தே பழைய மாணவர்கள் "கேற் திறந்திருக்கிறது" என்று கூவுவார்கள். உள்ளே திரும்பும் பந்து அதற்குள்ளால் புகுந்து விக்கெற்றைத் தகர்த்தால், கேற்றுக்குள்ளால் போய் ஆட்டமிழந்தார் என்பது வர்ணனை. கவனியுங்கள், இங்கே கேற் என்பது கதவே இல்லை, வெறும் இடைவெளி. ஒழுங்கை சொன்ன பழைய பொருள் துடுப்பாட்டத்தில் சற்றும் கெடாமல் இருக்கிறது.

இதைவிடச் சுவையானது 'விக்கெற்'. அச்சொல்லே ஒரு வாசற் சொல். பெரிய கதவுக்குள்ளோ அதன் பக்கத்திலோ ஒருவர் மட்டும் நுழைவதற்கு அமைத்த சிறு கதவுக்கு அந்தப் பெயர். பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்தது. பிரான்சில் இன்று பயணச்சீட்டு விற்கும் சாளரத்துக்கு 'கிஷே' என்று சொல்வது அதன் உடன்பிறப்பு. தமிழில் அதற்குச் சரியான சொல் இருக்கிறது: திட்டிவாசல். கோட்டையின் பெருங்கதவு சாத்தியிருக்கும் வேளையில் ஆட்கள் குனிந்து நுழைகின்ற அந்தச் சின்னக் கதவு.

ஆரம்பத்தில் துடுப்பாட்டத்தில் இரண்டு குச்சிகளை நட்டு மேலே ஒரு தடியைக் கிடத்தியிருந்தார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் சிறிய படலைபோல இருந்ததால் அந்தப் பெயர். இரண்டு குச்சி மட்டுமே இருந்ததில் ஒரு தொல்லை இருந்தது. 1775இல் 'லம்பி' ஸ்ரீவன்ஸ் என்ற பந்துவீச்சாளர் ஜோன் ஸ்மோல் என்பவருக்கு எதிராக வீசிய பந்து மூன்று தடவை குச்சிகளுக்கு நடுவால் எதையும் தொடாமல் போய்விட்டது. பந்துவீச்சாளருக்கு அநியாயம் என்று கருதி நடுக்குச்சியைச் சேர்த்தார்கள். வாயில் என்று பெயர் வைத்துவிட்டு, அதன் வழியாகப் பந்து போய்விட்டதே என்று கவலைப்பட்டு அதை அடைத்த ஒரே விளையாட்டு இதுவாகத்தான் இருக்கும்.

போட்டியைப் பார்க்க வந்த கூட்டத்தையும், வாசலில் சேர்ந்த பணத்தையும் 'கேற்' என்று சொல்வது இன்னொரு பொருள். அது பெரிதாக விளக்க வேண்டியதில்லை.

சிவலை எழுதியது:

அப்படியானால் பத்திரிகைகளில் எந்த ஊழல் வெளிவந்தாலும் பெயரின் கடைசியில் கேற் போடுகிறார்களே, அது எந்த வாசல்?

எல்லைக்கோடு எழுதியது:

அது ஒரு கட்டடத்தின் பெயர். வாஷிங்டன் நகரில் பொட்டோமக் ஆற்றின் கரையிலுள்ள 'வோட்டர்கேற்' கட்டடத் தொகுதியில் சனநாயகக் கட்சியின் அலுவலகம் இருந்தது. 1972 யூன் 17இல் அதற்குள் இரகசியமாக நுழைந்தவர்கள் பிடிபட்டார்கள். விசாரணை மேலே மேலே போய், 1974 ஓகஸ்டில் சனாதிபதி நிக்சன் பதவி விலகினார். நீர்வாயில் என்று பொருள்தரும் அந்தப் பெயரின் பின்பாதியைப் பத்திரிகையாளர்கள் வெட்டியெடுத்து, முறைகேடு என்ற பொருளில் எதனோடும் ஒட்டத் தொடங்கினார்கள். 2018இல் கேப் டவுனில் அவுஸ்திரேலிய அணி பந்தை உப்புத்தாளால் தேய்த்தது வெளிவந்தபோதும் உப்புத்தாள் கேற் என்றே எழுதினார்கள். வாசலுக்கும் அதற்கும் ஒரு தொடர்பும் இல்லை. ஒரு சொல்லின் பாதி, கட்டடத்தின் முகவரியை மட்டும் வைத்துக்கொண்டு புதுப்பொருள் பெற்றதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது.

கணினி ஆசிரியை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. நான் எதிர்பார்த்ததைவிட அதிகமாகவே கிடைத்துவிட்டது. அன்ட் படலையை விளக்கும்போது மின்பொறியாளன் சொன்ன துடிப்பு உதாரணத்தையும், பொருளை விளக்கும்போது துடுப்பாட்டத்தையும் பயன்படுத்துவேன். ஒரே ஒரு கேள்வி மட்டும். ஒல்லாந்தர் 1658 முதல் 1795 வரை யாழ்ப்பாணத்தை ஆண்டார்கள், அதற்கு முன் போர்த்துக்கேயர். ஒல்லாந்தரின் 'கற்' எங்கள் பேச்சில் எங்காவது தங்கியிருக்கிறதா? வாசல் சார்ந்த வேறு சொற்கள் அவர்களிடமிருந்து வந்தனவா?

பனங்கூடல் எழுதியது:

'கேற்' ஆங்கிலேயரோடு வந்தது, ஒல்லாந்தரின் 'கற்' அன்று. கோட்டை வாயிலை ஒல்லாந்தரே 'போர்ற்' என்றுதான் சொல்வார்கள். அது இலத்தீன் 'போர்த்தா'வின் வழி. வீட்டுக்குள் புகுந்த சொற்களைத் தேடினால் போர்த்துக்கேயர்தான் முன்னிற்கிறார்கள். விறாந்தையில் கதிரையைப் போட்டு மேசைக்கு முன்னால் இருந்து யன்னலால் பார்க்கிறோம் என்று சொன்னால், விறாந்தை, கதிரை, மேசை, யன்னல் நான்கும் அவர்கள் விட்டுச்சென்றவை. அலுமாரியும் அப்படியே.

அவற்றுள் இந்த இழைக்கு உரியது யன்னல். போர்த்துக்கேய 'ஜனெலா' இலத்தீனில் வாசலைக் குறிக்கும் 'யானுவா' என்பதன் சிறுமை வடிவம், அதாவது குட்டி வாசல். வாசல்களுக்கும் தொடக்கங்களுக்கும் உரோமர் வைத்திருந்த இருமுகத் தெய்வம் யானுஸ். ஆண்டின் வாசலில் நிற்கும் மாதத்துக்கு அதன் பெயரால் சனவரி என்றார்கள். கட்டடங்களைக் கூட்டித் துடைத்துக் காக்கும் ஊழியரை ஆங்கிலத்தில் 'ஜனிற்றர்' என்பதும் அங்கிருந்தே வந்தது. முதலில் அது வாயிற்காப்போனைக் குறித்தது. எனவே யன்னலும் சனவரியும் ஒரே வீட்டுச் சொற்கள்.

தமிழ்நாட்டில் வழங்கும் 'சாவி'யும் போர்த்துக்கேயம்தான். அது மட்டும் எங்களிடம் எடுபடவில்லை, நாங்கள் திறப்பு என்றே சொல்லிவிட்டோம். கதவு, படலை, பூட்டு, திறப்பு ஆகிய நான்கும் தமிழாகவே நிற்க, எட்டிப் பார்க்கிற யன்னல் மட்டும் வெளியிலிருந்து வந்திருக்கிறது.